மே மாதத்தில் யார் தண்ணீர் ஊற்றுவது?



ஆடி பிறந்துவிட்டது. மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தெருவில் போய் எடுத்துவருகிற மாதம். இந்தக் காற்று வீசத் தொடங்கினால் எனக்கு நாலாம் வகுப்பு ஞாபகம் வந்துவிடும். கூடவே ஒரு வேப்பங்கன்றும்.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் அந்த ஆண்டு மரம் நடு விழா. ஓலைப் பந்தல், ஒலிபெருக்கி, மாலை, ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய். சுற்றுச்சுவரை ஒட்டி முப்பது குழிகள் வெட்டியிருந்தார்கள். எங்கள் வகுப்பிலும் முப்பது பேர். ஆளுக்கொரு கன்று. யாருடையது முதலில் துளிர்க்கிறது என்று எங்களுக்குள் போட்டி. காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் கன்றைப் பார்க்கப் போவோம். தொட்டியிலிருந்து இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திக்கொண்டு ஓடுவோம். பாதி சட்டையில் போய்விடும். ஐப்பசி மழை முடிந்தபோது என் கன்று என் இடுப்புக்கு வந்துவிட்டது. பிறகு முழுப் பரீட்சை வந்தது. லீவு விட்டார்கள். நான் பாட்டி ஊருக்குப் போய்விட்டேன்.

ஜூனில் திரும்பி வந்தபோது இருபத்தொன்பது குழிகளில் காய்ந்த குச்சி நின்றது. ஒன்றே ஒன்று மட்டும் தழைத்திருந்தது. அது தெற்கு மூலையில் நட்ட கன்று. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்காரர் கிளாஸ் கழுவிய தண்ணீரை நாள் முழுக்க மதில் மேலாக இந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்திருக்கிறார். இங்கே ஒரு கன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

மாலை போட்டு, கைதட்டி, பெயர் சொல்லி நட்டதெல்லாம் போய்விட்டது. யாரோ ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே தினமும் வீசிய தண்ணீரில் ஒன்று பிழைத்துக்கொண்டது. தொடக்கப் பள்ளிகளில் சுற்றுச்சூழலைப் பேணுவது பற்றி இந்த இதழில் எழுதலாம் என்று உட்கார்ந்ததும் அந்த மூலை வேம்புதான் கண் முன்னால் வந்து நின்றது. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் நம் காலண்டரில் இருக்கிற ஒரு பிழை. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். 1972இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள் அது. உலகம் முழுவதும் கொண்டாடுகிறார்கள், நாமும் கொண்டாடுகிறோம். பள்ளி திறக்கிற நேரம் என்பதால் கன்று நடவும் வசதியாகப் போய்விட்டது. கேரளத்துக்கு அந்த நாள் பொருந்தும். அங்கே ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. நம் பக்கம் கன்னியாகுமரிக்கும் மேற்கு மலையை ஒட்டிய ஊர்களுக்கும் ஓரளவு பொருந்தும். மற்ற மாவட்டங்களில் ஜூன் என்பது கத்திரி முடிந்தும் வெயில் முடியாத மாதம். தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கிற மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. ஜூனில் நட்ட கன்று அந்த மழையைப் பார்க்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். நான்கு மாதம் தினமும் தண்ணீர் சுமக்க ஒரு பள்ளிக்கூடத்தால் முடியுமா?

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொல்லிவைத்தவர்கள் நம் மழையைப் பார்த்துச் சொன்னார்கள். கன்றுக்கும் அதே கணக்குதான். ஆடியில் குழி வெட்டி மண்ணை ஆறவிட்டு, சாணமும் சருகும் போட்டு, புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அதன் வேருக்குப் போகும். தை பிறக்கும்போது அது ஊன்றி நிற்கும். ஜூன் 5 அன்று பேச்சுப்போட்டி நடத்தலாம், ஓவியம் வரையலாம், நாற்றுப் பையில் விதை போடலாம். அன்று பிள்ளைகள் கையாலேயே விதை போட்ட பை புரட்டாசிக்குள் நடுகிற பதத்துக்கு வந்துவிடும். விதை போட்ட கையே நடவும் நட்டால் பிள்ளைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு கதை உண்டாகிவிடும்.

பனை இருக்கிறது. 1978 முதல் நம் மாநில மரம். ஆடி, ஆவணியில் பழம் உதிரும். கொட்டையைப் பொறுக்கி ஆவணி, புரட்டாசியில் ஏரிக்கரையிலோ கண்மாய்க்கரையிலோ ஊன்றிவிட்டு வந்தால் போதும். முளை முதலில் கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்கும். இலை காட்ட அவசரப்படாது. ஆட்டுக்கும் வெயிலுக்கும் அது எளிதில் அகப்படுவதில்லை. மே மாதத்தில் யார் ஊற்றுவது என்ற கேள்வியே பனைக்கு இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஊன்றிய கொட்டை அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதாகும்போது நுங்கு கொடுக்கும். பாதிக் கொட்டையைப் பாத்தியில் புதைத்துப் பொங்கலுக்குக் கிழங்கு எடுத்துத் தின்னச் சொல்லுங்கள். தின்ற ருசி இருந்தால்தான் நட்ட ஞாபகம் தங்கும்.

மரத்தோடு நிறுத்திவிடக் கூடாது. நம் தொடக்கப் பள்ளி ஒன்றின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது பிள்ளைகள் படிக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். அங்கே காலையில் அடுப்பு எரிகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தது. மதியம் மறுபடியும் அடுப்பு. காமராசர் காலத்தில் 1956இல் வேரூன்றி, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்து, பிறகு வாரத்தின் ஐந்து நாளும் முட்டை என்று வளர்ந்த அந்தப் பந்தியை உலகத்தில் பல நாடுகள் திரும்பிப் பார்த்தன. சாப்பாடு நடக்கிற இடத்தில் தண்ணீர் ஓடும், தோல் விழும், ஓடு விழும், மிச்சம் விழும். சுற்றுச்சூழல் பாடத்துக்கு வேறு ஆய்வுக்கூடம் எதற்கு?

கணக்கைப் பாருங்கள். ஒரு பிள்ளை கையும் தட்டும் கழுவ 2 லிட்டர் என்று வைத்தால் அறுபது பிள்ளைக்கு 120 லிட்டர். குடக் கணக்கில் எட்டுக் குடம். அது பெரும்பாலும் குழாயடியிலேயே தேங்கிச் சேறாகி, கொசு வளர்க்கப் போகிறது. நம் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் என்ன நட்டார்கள்? வாழை, சேம்பு, கல்வாழை. யாரும் அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றியதில்லை. பள்ளிக் குழாயடியிலிருந்து நாலு முழம் வாய்க்கால் வெட்டி, வாயில் கொஞ்சம் கல்லும் மணலும் போட்டு, முதலில் கல்வாழையும் அடுத்து வாழையும் அதைத் தாண்டி ஒரு முருங்கையும் வைத்தால் அந்த எட்டுக் குடமும் தானாக நடந்து போய்ச் சேரும். முருங்கைக் கீரை மறுபடி சாம்பாருக்கு வரும். டீக்கடைக்காரர் தெரியாமல் செய்ததை நாம் தெரிந்து செய்கிறோம், அவ்வளவுதான்.

முட்டை ஓடு இருக்கிறது. ஓர் ஓடு 5 கிராம் என்றால் அறுபது முட்டைக்கு 300 கிராம். ஆண்டுக்கு 200 நாள் பள்ளி நடந்தால் 60 கிலோ. ஓட்டில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. முழுதாகக் குப்பையில் போட்டால் மட்கப் பல காலம் ஆகும். காயவைத்து நுணுக்கிப் பொடியாக்கினால் தக்காளிக்கும் கத்தரிக்கும் நல்லது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தராசைக் கொடுத்துத் தினமும் நிறுத்து எழுதச் சொல்லுங்கள். கூட்டல், பெருக்கல், கிராம், கிலோ எல்லாம் அந்த ஒரு வாளி ஓட்டிலேயே வந்துவிடும். பாடப் புத்தகத்துக் கணக்கில் வருகிற ஆப்பிளை அந்தப் பிள்ளைகள் தொட்டதில்லை. முட்டையைத் தொட்டிருக்கிறார்கள்.

காலையில் முற்றம் பெருக்குவார்கள். வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு, அதோடு மிட்டாய்த் தாள். மூலையில் குவித்துத் தீ வைப்பார்கள். அந்தப் புகைக்கு நடுவில்தான் நாம் எல்லாரும் பிரார்த்தனை சொன்னோம். சருகையும் தாளையும் ஒரே கூடையில் அள்ளுவதுதான் அங்கே நடக்கிற தப்பு. தாளைத் தனியே பொறுக்கிவிட்டால் மிச்சம் உரம். ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி. ஓர் அடுக்கு சருகு, ஓர் அடுக்கு காய்கறித் தோல், மேலே ஒரு கூடை மண், கொஞ்சம் சாணக் கரைசல். சிறு பிள்ளைகள் தவறி விழாமல் சுற்றிலும் வேலி கட்டிவிட வேண்டும். சில மாதம் கழித்துத் தோண்டும்போது போட்டது எதுவும் கண்ணில் படாது. கறுப்பாய் மண்வாசனை அடிக்கும். மிட்டாய்த் தாள் ஒன்று தப்பி விழுந்திருந்தால் அது மட்டும் போட்ட நிறத்திலேயே பளபளவென்று வெளியே வரும். மட்குவது எது, மட்காதது எது என்று எந்த வாத்தியாரும் அதற்கு மேல் சொல்லித்தர வேண்டாம்.

பிளாஸ்டிக்கைப் பற்றிச் சட்டம் போட்டாகிவிட்டது. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற 14 வகைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. மஞ்சப்பையோடு பட்டணம் போனவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த தலைமுறை, அதே பையைத் தர இயந்திரம் வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பள்ளிக்குள் ஓடுகிற பிளாஸ்டிக் வேறு. அது தடைப் பட்டியலில் இல்லை. பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கிறது. மை தீர்ந்ததும் எறிகிற பேனா. ரீஃபில் மாற்றுகிற பேனா வாங்குகிற வழக்கமே குறைந்துவிட்டது. ரீஃபில் விலைக்குப் புதுப் பேனாவே கிடைக்கிறபோது யார் மாற்றுவார்கள்? வகுப்பு மூலையில் ஒரு பழைய டப்பாவை வைத்து, தீர்ந்த பேனாவை எல்லாம் அதில் போடச் சொல்லி, மாதக் கடைசியில் கொட்டி எண்ணினால் போதும். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். அறிவுரையே வேண்டாம். அடுத்த மாதம் எண் குறைகிறதா பார்ப்போம் என்று பிள்ளைகளே கிளம்பிவிடுவார்கள்.

இங்கே என் வயது வாசகர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். முழுப் பரீட்சை முடிந்ததும் பழைய நோட்டுகளில் எழுதாத தாளை எல்லாம் கிழித்து, அடுக்கி, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்து ‘ரஃப் நோட்டு’ செய்தோமே! முன்பக்கம் கோடு போட்ட தாள், அடுத்தது கட்டம் போட்டது, அதற்கடுத்தது நாலு கோடு. மேல் வகுப்பு அண்ணனிடம் பாதி விலைக்குப் புத்தகம் வாங்கினோம். அவர் கோடு போட்டு வைத்திருந்த இடமே முக்கியமான கேள்வி. அதற்கு அன்று ‘மறுபயன்பாடு’ என்று பெயர் இல்லை, ‘இல்லாமை’ என்று பெயர். இல்லாமை போனது பெரிய நன்மை. புத்தகமும் பையும் அரசே தருவது பெரிய நன்மை. அந்தக் கோணி ஊசியையும் சேர்த்துத் தொலைத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

மழைக்கு வருவோம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயம் என்று 2003இல் சட்டம் வந்தது. பள்ளிக் கூரையிலிருந்தும் குழாய் இறங்குகிறது. அது எங்கே போய் முடிகிறது என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். சில இடத்தில் தொட்டி இருக்கும், சருகு அடைத்திருக்கும். சில இடத்தில் குழாய் மண்ணுக்கு மேலேயே நின்றுவிட்டிருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதைவிட எளிய கணக்கு அறிவியலில் இல்லை. ஒரு வகுப்பறைக் கூரை 50 சதுர மீட்டர் என்றால், ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் 45 ஆயிரம் லிட்டர் அதன் மேல் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 36 ஆயிரம். 15 லிட்டர் குடத்தில் 2,400 குடம். ஒரு வகுப்பறையின் தலைமேல்! புரட்டாசியில், மழைக்கு முன், பெரியவர்கள் மேலே ஏறிக் கூரையைப் பெருக்கிக் குழாயடைப்பை எடுத்துவிட வேண்டும். கீழே பிள்ளைகள் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் புனல் வைத்து மழையளவு எழுத வேண்டும்.

பள்ளி என்றாலே பளிச்சென்று சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, எருக்கையும் தும்பையையும் வேரோடு பிடுங்கி, சிமென்ட் கல் பதித்து, பிளாஸ்டிக் பூந்தொட்டி வைக்கிற பழக்கம் புதிதாக வந்திருக்கிறது. ஓர் எருக்கஞ்செடியையாவது வேலி ஓரம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சி அதன் இலையில் முட்டை வைக்கும். பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தள்ளி நின்று பார்க்கவைத்தால், புழு, கூடு, சிறகு எல்லாம் சில வாரங்களில் கண் முன்னால் நடந்துவிடும். சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை வைத்தால் கறிவேப்பிலை அழகி வரும், பெயரே அப்படித்தான். தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன் என்று பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்கிற பிள்ளை, தன் பள்ளி வேலியில் பறப்பது என்ன என்றும் சொல்ல வேண்டாமா?

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பசுமைப் பள்ளி, தூய்மைப் பள்ளி என்று பேசும்போது விளக்குமாறு யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பெருக்குவது எப்போதும் பெண் பிள்ளைகள், மண்வெட்டி எப்போதும் ஆண் பிள்ளைகள் என்றால் அங்கே பசுமையோடு வேறொன்றும் வளர்கிறது. குறிப்பிட்ட சில பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம்; படித்துவிட்டுத் தலைகுனிந்திருக்கிறோம். கழிவறை சுத்தம் சம்பளம் வாங்குகிற பெரியவர்களின் வேலை, பிள்ளைகளுடையது அல்ல. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே துடைக்கிறார்கள் என்று நாம் வியந்து பேசுகிறோம். அங்கே எல்லாப் பிள்ளையும் துடைக்கிறது, ஆசிரியரும் கூடவே துடைக்கிறார் என்ற பாதியை விட்டுவிடுகிறோம். முறை வைத்து, எல்லாரும், டீச்சரும் சாரும் சேர்ந்து என்றால் அது பாடம். இல்லையென்றால் அது பழைய அநியாயத்துக்குப் பச்சைச் சாயம்.

உலகத்தில் இதை முறையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘எக்கோ ஸ்கூல்ஸ்’ என்ற திட்டம் 1994இல் டென்மார்க், ஜெர்மனி, கிரீஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் தொடங்கியது. இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் நடக்கிறது. நன்றாகச் செய்த பள்ளிக்குப் பசுமைக் கொடி தருகிறார்கள். அதற்கு ஏழு படிகள். பிள்ளைகளும் இருக்கிற ஒரு குழு, பள்ளியின் நிலையை அளந்து பார்த்தல், திட்டம் போடுதல், சரியாக நடக்கிறதா என்று தொடர்ந்து கவனித்தல், பாடத்தோடு இணைத்தல், ஊராரைச் சேர்த்துக்கொள்ளுதல், கடைசியாக, பிள்ளைகளே எழுதுகிற ஓர் உறுதிமொழி. கவனித்தீர்களா? மரம் நடுவிழா இந்த ஏழில் எங்கும் இல்லை. அளப்பது இரண்டாவது படி, உறுதிமொழி ஏழாவது. நாம் உறுதிமொழியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம்.

நம்மிடம் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. எல்லா நிலையிலும் சுற்றுச்சூழல் கல்வி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே எம்.சி. மேத்தா வழக்கில் சொல்லிவிட்டது. தேசிய பசுமைப் படை வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. சின்ன வகுப்புகளில் சூழ்நிலையியல் என்றே ஒரு பாடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். முட்டை ஓடு, குழாயடி, கூரைக் குழாய், கோடைத் தண்ணீர் எல்லாவற்றையும் பேச வேண்டிய இடம் அதுதான். தலைமையாசிரியர் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் வைத்தால், அவர் மாறுதலாகிப் போகிற அன்றே தோட்டமும் போய்விடும். ஒரு நல்ல ஆசிரியரால் பள்ளி பசுமையாவதை நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் போன பிறகும் பசுமையாக இருந்தால்தான் அது பள்ளியின் பசுமை.

பழக்கம் ஊரோடு சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியைப் பாருங்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். வந்து கூடு கட்டுகிற பறவைகள் மிரண்டுவிடும் என்று அங்கே பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளிக்கு வெடி கேட்டு அழாத பிள்ளையை எந்தப் பாடத்திட்டத்தால் உருவாக்க முடியும்? அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது தியாகம்கூட இல்லை. எங்க ஊரில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போகும்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று நாம் பிள்ளைகளைப் பார்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பிள்ளை எப்படிப் பள்ளிக்கு வருகிறது? நடந்து வருகிறது. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. தட்டில் போட்டதைத் தின்கிறது. மின்விசிறி ஓடாவிட்டால் மரத்தடிக்குப் போகிறது. பூமிக்கு அந்தப் பிள்ளையால் என்ன பாரம்? ஐந்து எப்போதோ வளைந்துதான் இருக்கிறது. தெருமுனைக்குப் போக வண்டி எடுக்கிற, கல்யாணப் பந்தியில் பாதி இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிற, பள்ளிக்குப் பக்கத்துக் காலி மனையில் மூட்டை மூட்டையாகக் குப்பை கொட்டுகிற ஐம்பதுதான் வளைய வேண்டியது. பூமியைக் காப்பாற்றுங்கள் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்து வெயிலில் ஊர்வலம் விடுவதற்கு முன்னால், அந்தப் பள்ளியைச் சுற்றி வாழ்கிற நாம் நம் பங்கைச் செய்துவிட வேண்டும்.

அதனால் வாசகர்களே, இந்த மாதம் உங்களிடம் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, நீங்கள் படித்த தொடக்கப் பள்ளிக்கு, அது தூரம் என்றால் இப்போது இருக்கிற தெருவுக்கு அருகில் உள்ள பள்ளிக்கு, இந்த ஆடிக்குள் ஒரு முறை போய்வாருங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக் குழாயடியையும் கூரைக் குழாயையும் பாருங்கள். புரட்டாசிக்குக் குழி வெட்ட ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.

இரண்டு, ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும். பள்ளியின் மழைநீர்த் தொட்டியைச் சீராக்குவது பற்றி எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள். கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது இப்போது இல்லை, அடுத்த கோடையில். பள்ளிக்கு லீவு விடுகிற அன்று ஒரு கன்றை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் அடியில் சிறு துளை போட்டுத் துணித் திரி சொருகிய பழைய மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்துவிட்டால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். இரண்டு நாளைக்கு ஒரு குடம் ஊற்றினால் போதும். நாற்பது நாள் லீவுக்கு இருபது குடம். ஒரு மரத்தின் விலை அவ்வளவுதான்.

எங்கள் பள்ளி மூலையில் அந்த வேம்பு இன்னும் நிற்கிறது. டீக்கடை இப்போது அங்கே இல்லை. மரத்துக்கு இனி யாரும் ஊற்ற வேண்டியதும் இல்லை. போன முறை ஊருக்குப் போனபோது அதன் நிழலில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முப்பது பிள்ளைகள் இருக்கும். மற்ற இருபத்தொன்பதும் இருந்திருந்தால் மொத்தப் பள்ளியும் நிழலில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்த மே மாதம் மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்